இடது கை தூக்கியவர்கள்

செகெத், 1991 அக்டோபர் 14

பிரோஷ்கா,

ஆகஸ்டில் நீ வந்துபோன பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. முறைப்படி மகள்தான் முதலில் எழுத வேண்டும். இருந்தாலும் நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். கேட்பதற்கு எனக்கு அறிமுகமான ஆசிரியை நீ ஒருத்திதான்.

அறுபத்தொரு வயதில் ஆசிரியர் பயிற்சியா என்று கேட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயமில்லை என்று ஆனதிலிருந்து வேறு மொழி சொல்லித்தர ஆளில்லாமல் தவிக்கிறார்கள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். கயிற்று ஆலையின் வெளிநாட்டுக் கடிதங்களை ஓய்வு பெறும்வரை பிரெஞ்சில் எழுதியவள். பிழை என்று ஒரு கடிதமும் திரும்பி வந்ததில்லை. ஒரு வகுப்பின் முன்னால் நின்று பேச இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை முதல் பாடம். மேல்நிலைப் பள்ளி, இரண்டாம் ஆண்டு, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த வாரத்துக்குப் பொறுப்பான பெண், போக்லார்கா என்று பெயர், யார் யார் வரவில்லை என்று முறையாக அறிவித்தாள். அன்று ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். நான் பாடத்தை வாசித்தேன், விளக்கினேன், கேள்வி கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று பதிலையும் நானே சொன்னேன். சன்னல் ஓரத்தில் ஜோம்போர் என்ற பண்ணைப் பக்கத்துப் பையன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். தோலைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான் என்பதால் அதைப் பார்க்காததுபோல் இருந்தேன்.

எனக்கு வழிகாட்டியாக வைத்திருக்கும் ஆசிரியர் பர்னபாஷ் உன்னைவிடப் பத்து வயது இளையவன். பின்பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் என்ன சொன்னான் தெரியுமா?

"எடெல்கா நேனி, கரும்பலகைக்கு ரொம்ப நல்லா பாடம் எடுத்தீங்க. பசங்களுக்கு எப்ப எடுக்கப் போறீங்க?"

நேனியாம். அத்தை என்பதுபோல் பிள்ளைகள் வயதான பெண்களை அப்படி அழைக்கலாம். உடன் வேலை செய்கிறவன் சந்தையில் முட்டைக்காரியைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிடலாமா? அதோடு, என் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லையாம். மதர் ஸ்கோலாஸ்டிகாவின் குரல் என்னுடையதைவிட மெல்லியது. அவர் வகுப்பில் நாங்கள் மூச்சு விடவும் யோசிப்போம்.

ஜனவரிக் கடைசியில் தேர்வுப் பாடம். கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்து பின்னால் உட்காருவார்கள். அதில் தவறினால் என் வயதில் மறுவாய்ப்பு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 1949இல் நோட்டரியின் மகள், மடத்தில் படித்தவள் என்று சொல்லி ஆசிரியர் கல்லூரி என்னை வாசலோடு திருப்பி அனுப்பியது உனக்குத் தெரியும். அன்று தடுத்தது அவர்கள், கம்யூனிஸ்ட் ஆட்சிக்காரர்கள். இந்த முறை திரும்பினால் அது என் குறையாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது? சுற்றி வளைக்காமல் எழுது.

அம்மா


எகெர், அக்டோபர் 22

அன்புள்ள அம்மா, கை முத்தம்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். முட்டைக்காரி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இதையும் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள்.

ஆகஸ்டில் நான் சிரித்ததற்குக் காரணம் உங்கள் வயது இல்லை. நானும் இப்போது மாணவிதான். என்னிடம் ரஷ்யன் படிக்க இந்த ஆண்டு நாலே நாலு பிள்ளைகள். அதனால் மாலையில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறேன், என்னுடைய பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெஞ்சுக்குப் போய்விட்டோமே என்றுதான் சிரிப்பு வந்தது.

கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் மேசைக்குப் பின்னால் நிற்கிறீர்கள். நான் பார்க்காமலே எனக்குத் தெரியும். வெளியே வாருங்கள். குரலை உயர்த்த உங்களுக்குப் பிடிக்காது, உயர்த்த வேண்டாம். அதற்குப் பதிலாக அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த அமைதி உங்களுக்கு ஒரு யுகம்போல இருக்கும், பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவர்கள் அப்போதுதான் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசாதீர்கள். மடத்தில் அது அடக்கமாக இருந்திருக்கலாம், வகுப்பில் அது அலட்சியமாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம், இதைத்தான் நீங்கள் செய்யப் போவதில்லை. ஒரு பிள்ளை பேசத் தொடங்கினால், அது முடிக்கும்வரை திருத்தாதீர்கள்.

பிரோஷ்கா


செகெத், நவம்பர் 11

பிரோஷ்கா,

நீ சொன்னபடி மேசையை விட்டு வெளியே வந்தேன். இரண்டாம் வரிசையில் ஒருவனுடைய பையின் வாரில் கால் மாட்டி, விழாமல் போக்லார்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. முதன்முறையாக எல்லோரும் என்னைக் கவனித்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி காத்தும் பார்த்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து போக்லார்கா மெதுவாகக் கேட்டாள்:

"நேனி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? தண்ணி கொண்டுவரட்டா?"

இதுதான் உன் யோசனையின் பலன்.

பர்னபாஷ் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து என் பாடத்தைப் பதிவு செய்தான். பிறகு காலி வகுப்பில் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு அது அவமானமாக இருந்தது. என்னுடைய குரல் அது என்று நம்பவே முடியவில்லை. மூக்கால் பேசும் யாரோ ஒரு கிழவி. பாதி நாடா ஓடியும் பிள்ளைகளின் குரலையே காணோம். அப்புறம் ஜோம்போரின் குரல் வந்தது. இரண்டு சொல் சொன்னான், நான் திருத்தினேன். மறுபடி தொடங்கினான், திருத்தினேன். மூன்றாவது தடவை அவன் சொன்னது நாடாவில் தெளிவாக இருக்கிறது:

"நேனி, நீங்களே சொல்லிருங்க. சீக்கிரம் முடியும்."

பர்னபாஷ் நாடாவை நிறுத்திவிட்டு சன்னல் பக்கம் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆனால் பிரோஷ்கா, திருத்தாமல் இருப்பதை மட்டும் என்னிடம் கேட்காதே. தவறைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எனக்குப் பொய் சொல்வது மாதிரி. நீயும் இந்த வீட்டில் அப்படித்தான் வளர்ந்தாய். சாப்பாட்டு மேசையில் உன் பிரெஞ்சை நான் திருத்தாத நாளில்லை. நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அப்படியென்ன தோல் மெல்லியதாகிவிட்டது?

அம்மா


எகெர், நவம்பர் 19

அம்மா,

நான் முகம் சுளிக்காததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். நான் பேசுவதை நிறுத்தியதைக் கவனித்தீர்களா?

எனக்கு எட்டு வயது இருக்கும். மேசையில் உப்பு உங்கள் பக்கத்தில் இருக்கும். பிரெஞ்சில் கேட்டால்தான் கிடைக்கும். தவறாகக் கேட்டால், சரியாகச் சொல்லும்வரை கிடைக்காது. சூப் ஆறிக்கொண்டிருக்கும், அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உப்பில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன். இன்றைக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் சூப்பில் உப்பே இல்லை என்கிறார்கள்.

நான் ரஷ்யன் படிக்கப் போனபோது, "யாருடைய மொழியைப் படிக்கப் போறேன்னு உனக்குத் தெரியுதா?" என்று கேட்டீர்கள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் கட்சிக்காகப் போனேன் என்று அத்தைகளிடமெல்லாம் சொன்னீர்கள். கட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் உங்களுக்குத் தெரியாத மொழி அது ஒன்றுதான். அதில் நான் தப்பாகப் பேசினாலும் உங்களுக்குத் தெரியாது.

ஜோம்போருக்குச் சன்னலாவது இருக்கிறது.

பிரோஷ்கா


(அஞ்சலட்டை)
செகெத், டிசம்பர் 6

உன் கடிதம் கிடைத்தது. உப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. உப்பைக் குறைப்பது யாருக்குமே நல்லதுதான். வகுப்பில் முன்னேற்றம் இல்லை. இங்கே உறைபனி. கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

அம்மா


எகெர், டிசம்பர் 15

அன்புள்ள அம்மா, கை முத்தம்.

அஞ்சலட்டையை இரண்டு தடவை படித்தேன். கோபப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய்க் காலுறையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமசுக்கு வர முடியாது. எனக்கு ஜனவரி தொடக்கத்தில் ஆங்கிலப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நீங்கள் தனியாக இருக்காமல் மேல்வீட்டுக்காரர்களோடு மீன் சூப் சாப்பிடுங்கள். அவர்கள் கூப்பிடுவார்கள், நீங்கள் வேண்டாம் என்பீர்கள், இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். இரண்டாவது தடவை சரி என்று சொல்லுங்கள்.

உங்கள் தேர்வுப் பாடத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் யாரும் உங்களுக்குச் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். வெளியாள் பார்க்க வரும் பாடத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வகுப்போடு ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். கேள்வி கேட்டதும் ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆசிரியர் வலது கையை மட்டும் கூப்பிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே கைக்காடாகத் தெரியும். என் வகுப்புக்கு எத்தனையோ ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். ஒருநாளும் ஒரு கை கீழே இருந்ததில்லை.

ஏமாற்று என்று சொல்வீர்கள். விருந்தாளி வந்தால் மேசைக்கு நல்ல விரிப்பு போடுகிறோமே, அது ஏமாற்றா? விரிப்புக்குக் கீழே பழைய மேசைதான் இருக்கிறது என்பது விருந்தாளிக்கும் தெரியும். பர்னபாஷிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனே பிள்ளைகளிடம் பேசிவிடுவான்.

பிரோஷ்கா


செகெத், 1992 ஜனவரி 5

பிரோஷ்கா,

புத்தாண்டு வாழ்த்து. மேல்வீட்டில் சாப்பிட்டேன். சூப்பில் முள் இருந்தது.

இடது கை விவகாரம் வேண்டாம். தெளிவாகவே எழுதுகிறேன்: வேண்டாம். மேசை விரிப்பு எடுபட வேண்டுமானால் கீழே மேசை இருக்க வேண்டும். என் வகுப்பில் அது இல்லை. இவ்வளவு காலம் காத்திருந்து நான் வாங்கப் போகும் தகுதி, பிள்ளைகள் எனக்காக நடித்து வாங்கித் தந்ததாக இருக்கக் கூடாது. நீ இதை வேறு யாரிடமும் பேசாதே.

திருத்தாமல் இருக்க முயன்றேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணக்கட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண் தன் வீட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னாள். ஒரு வாக்கியம் நேராக இல்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. கட்டி மட்டும் உடைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பிறகு பர்னபாஷ் சொன்னான்:

"நேனி, வாய் மூடித்தான் இருந்துச்சு. ஆனா உங்க புருவமே திருத்துதே."

புருவத்தை நான் என்ன செய்வது? அறுபது வருடப் புருவம்.

தேர்வுப் பாடம் இருபத்தெட்டாம் தேதி. 'என் ஞாயிற்றுக்கிழமை' என்பது தலைப்பு. ஐந்து பகுதிகளாகத் திட்டம் எழுதிக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன். யாராவது திரைப்படத்துக்குப் போனதைச் சொல்ல வேண்டும், பிறகு உரையாடல், பிறகு சொல்வதெழுதுதல். எதற்கு எத்தனை நிமிடம் என்றும் எழுதியாயிற்று.

அம்மா


செகெத், ஜனவரி 30

பிரோஷ்கா,

நீ பர்னபாஷுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாய். வேண்டாம் என்று நான் எழுதிய பிறகு. அவனே ஒப்புக்கொண்டான்; பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு. "உங்க பொண்ணு அழுதாங்க நேனி, நான் என்ன பண்றது?" என்றான்.

நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். நீ ஏற்பாடு செய்தது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று பேர் வந்தார்கள். குழுத் தலைவி கல்லூரிப் பேராசிரியை. நரித்தோல் தொப்பியைக் கழற்றி மடியில் பூனை மாதிரி வைத்துக்கொண்டு பின்பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். வகுப்பில் வராதவர் யாருமில்லை என்று அந்த வாரத்துப் பொறுப்புப் பிள்ளை அறிவித்தது. நான் மேசைக்கு முன்னால் வந்து நின்றேன். ஞாயிறு எப்படிப் போயிற்று, யார் சொல்வீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டேன்.

எல்லாக் கையும் மேலே போயிற்று. எல்லாக் கையும், பிரோஷ்கா. அக்டோபரிலிருந்து அந்த வகுப்பில் நான் மூன்று கைகளைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. ஒரு கணம், கடைசியில் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்காகத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை.

பிறகு பார்த்தேன். பாதிக்கு மேல் இடது கை.

வலது கை ஒன்றைக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். போக்லார்கா வலது கையைத் தூக்கித் திரைப்படத்தோடு தயாராக இருந்தாள். நான் ஜோம்போரைக் கூப்பிட்டேன். உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. வெறும் கோபம். பர்னபாஷின் முகம் வெளுப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, வெளுத்தது.

ஜோம்போர் எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, நம் மொழியில் சொன்னான்:

"நேனி, இது இடது கை."

"எனக்குக் கண் தெரியுது. எழுந்திரு."

எழுந்தான். கூரையைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான். நான் காத்திருந்தேன், அது காத்திருத்தல்கூட இல்லை, அடுத்து என்ன செய்வதென்று எனக்கே தெரியாத நிலை. அப்புறம் அவன் தொடங்கினான். அவனுடைய பிரெஞ்சை அப்படியே நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஞாயிறு. நான் பன்றி. அப்பா பன்றி. மாமா பன்றி பிடி."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன், திருத்துவதற்குத்தான். அதற்குள் அவன் கையை வீசிக் காட்டினான்: பன்றி மாமாவின் பிடியிலிருந்து நழுவி ஓடுகிறது. பனியில் ஓடுகிறது. பாட்டியின் கோழிக்கூட்டை உடைத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு சொல்லும் தப்பு. ஆனால் எனக்கு அந்தப் பன்றி என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது. "அப்புறம்?" என்றேன். "அப்புறம் மாமா பழச்சாராயம் நிறைய. மாமா பனி மேலே. பன்றி மாமா மேலே" என்றான். "அப்புறம்?" என்றேன்.

பிடித்துவிட்டார்கள். கொன்றார்கள். அடுத்தது வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி மயிரைப் பொசுக்க வேண்டும். அங்கே அவன் நின்றான். அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. என்னைப் பார்த்தான்.

"நேனி, இதுக்கு பிரெஞ்சுல என்ன?"

மதர் ஸ்கோலாஸ்டிகா தேவதூதர்களின் ஒன்பது அணிகளுக்கும் பெயர் சொல்லித் தந்தார். கயிற்று ஆலைக் கடிதங்களில் சணலின் எல்லா ரகமும் வந்தது. பன்றி மயிரை யாரும் பொசுக்கவில்லை. ஒரு பொதுவான சொல்லைச் சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். பின்பெஞ்சில் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் என் இடது கையைத் தூக்கினேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வகுப்பு போட்ட கூச்சலில் சன்னல் அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் கொட்டி அந்தச் சொல்லைக் கட்டப் பார்த்தார்கள். "பன்றிக்குச் சின்னத் தீ" என்றான் ஒருவன். "தீயால் குளியல்" என்றான் இன்னொருவன். போக்லார்கா எழுந்து, "தீயால் சவரம்" என்றாள். அது நல்ல சொல். கரும்பலகையில் எழுதினேன். ரத்த சாசேஜுக்கு என்னவெல்லாம் போட வேண்டும் என்று இரண்டு வரிசைகளுக்கு நடுவே பிரெஞ்சிலேயே சண்டை வந்தது. மணி அடித்தது. ஐந்து பகுதித் திட்டத்தில் நான் இரண்டாவதையே தொடவில்லை.

பிறகு விமர்சனம். வழக்கப்படி தேர்வுப் பாடம் நடத்தியவர்தான் முதலில் தன் பாடத்தைத் தானே மதிப்பிட வேண்டும். நான் எழுந்து நின்று சொன்னேன்: திட்டப்படி நடத்தவில்லை, நேரத்தைப் பிரிக்கவில்லை, ஒரு பிழையையும் திருத்தவில்லை. மேலும், கைகள் தூக்கப்பட்டது முன்னேற்பாட்டின்படி. அது எனக்குத் தெரியாமல் நடந்தது. குழு அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

"அது எங்களுக்குத் தெரியும், நேனி. இங்க இருக்கிற எல்லாரும் அப்படித்தான் பாஸ் பண்ணினோம். அதைப் போய் எழுந்து நின்னு சொல்லணுமா?"

"கேட்டீங்க, சொன்னேன்."

"அதை விடுங்க. வகுப்புக்கு நடுவுல ஆசிரியரே தெரியாதுன்னு கையைத் தூக்கலாமா? நாளைக்கு அந்தப் பசங்க உங்களை மதிப்பாங்களா?"

மதிப்பார்களா என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. குழுவில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மாமாவுக்கு அடி பலமா என்று பர்னபாஷிடம் கேட்டார்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தார்கள். ஒன்று என்றால் தோல்வி. அதற்கு ஒரு படி மேலே. என் வாழ்க்கையில் நான் ஐந்துக்குக் கீழே வாங்கியதில்லை. சான்றிதழில் அந்த இரண்டு மையால் எழுதப்பட்டிருக்கும். அதை ஒரு தலைமை ஆசிரியரின் மேசையில் நான் எடுத்து வைக்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்திட பிப்ரவரி பத்துவரை நேரம் தந்திருக்கிறார்கள். போடுவேனா என்று தெரியவில்லை.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கப் போவதில்லை.

அம்மா


எகெர், பிப்ரவரி 4

அம்மா,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பயந்தேன். நீங்கள் தோற்றால் அந்தத் தோல்வியோடு அந்தச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள், யாரையும் உள்ளே விடமாட்டீர்கள் என்று பயந்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தாலும் போன் பண்ணியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன்.

என் ஆங்கிலப் பாடத்துக்கு மூன்று கொடுத்தார்கள். உங்களிடம் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தேன். என் உச்சரிப்பில் வோல்கா நதி ஓடுகிறதாம். என்னோடு படிக்கும் அந்தப் பழைய மாணவனுக்கு ஐந்து. அவன் என்னைத் தேற்றினான், அதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து மறுபடி வகுப்புக்குப் போனேன். வேறு என்ன செய்ய முடியும்?

கையெழுத்துப் போடுங்கள். இரண்டு என்பது கதவில் பாதி திறப்பு. உங்கள் அகலத்துக்கு அது போதும். எந்தத் தலைமை ஆசிரியரும் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்குப் பிரெஞ்சு தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அவன் பன்றியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை ஓரிடத்தில்கூடவா நீங்கள் திருத்தவில்லை?

பிரோஷ்கா


செகெத், பிப்ரவரி 19

பிரோஷ்கா,

ஓரிடத்திலும் திருத்தவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், அவன் சொன்ன கதை முழுவதையும் நல்ல பிரெஞ்சில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வயிறு ஆறியது. மேல்வீட்டுக்காரி கதவைத் தட்டி, விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

பத்தாம் தேதி போனேன். எழுத்தர் பெண் தாளை நீட்டினாள். நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன் போலிருக்கிறது. "நேனி, வரிசையில ஆள் நிக்கிறாங்க" என்றாள். கையெழுத்துப் போட்டேன். இரண்டு, இரண்டுதான். அதைப் பற்றி இனிமேல் நீயும் பேசக் கூடாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆண்டுப் பிள்ளைகள். திங்கட்கிழமை தொடங்கினேன். பின்பெஞ்சில் யாரும் இல்லை. அங்கே பார்த்துப் பார்த்துப் பழகியதால் முதல் சில நிமிடம் எனக்குக் கழுத்து அந்தப் பக்கமே திரும்பியது. எதுவும் சரியாக நடக்கவில்லை. ஒருவன் தன் பெயர் என்று வேறொருவனுடைய பெயரைச் சொல்லியிருக்கிறான். மணி அடிக்கும்வரை அவனை அப்படியே அழைத்தேன், எல்லோரும் அதற்கு ஒத்துழைத்தார்கள். மூன்று பேரை நடுவில் திருத்தினேன். நாலாவதாக ஒரு பெண் பேசியபோது புருவத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன், அவள் முடித்தாள். எனக்குத் தலைவலி என்று நினைத்து மற்றவர்கள் கொஞ்ச நேரம் அமைதியாகவும் இருந்தார்கள்.

நேற்று பாடத்தின் நடுவில் பெரிய பெரிய பூவாகப் பனி கொட்ட ஆரம்பித்தது. ஒருவன் சன்னலுக்கு ஓடினான், அவன் பின்னால் எல்லோரும். உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், காத்திருந்தேன், நீ சொன்னதெல்லாம் செய்தேன். கடைசியில் நானும் அவர்களோடு சன்னலில் நின்று மணி அடிக்கும்வரை பனியைப் பார்த்தேன். இது பாடமா? தலைமை ஆசிரியர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

வெள்ளிக்கிழமை மறுபடி அதே வகுப்பு, மறுபடி பனி என்று வானொலியில் சொல்கிறார்கள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். மறுதபாலில் எழுது.

அம்மா